மாடத்திலிருந்து பாடியவர்கள்

கொடுங்கல்லூர் பகவதியைத் தரிசிக்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் குருவாயூரையும் திருச்சூர் வடக்குநாதரையும் சேர்த்துப் பயணம் போடுவார்கள். என் தோழியும் நானும் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே திரும்பினோம். சேந்தமங்கலம், பரவூர், கொச்சியின் மட்டாஞ்சேரி ஆகிய ஊர்களில் கேரள யூதர்கள் கட்டிய ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். கூட்டு வழிபாடு நின்றுபோய்ப் பல காலம் ஆயிற்று. "சாமி இல்லாத இடத்தில் என்ன அக்கா கும்பிடப் போகிறோம்?" என்று பஸ்ஸில் கேட்டாள் தோழி. அங்கே கூடிப் பாடிய பெண்களைப் பற்றி வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்கள் நின்ற இடத்தில் நாமும் ஒருமுறை நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.

சேந்தமங்கலத்தில் ஆலய வாசலிலேயே ஒரு பெண்ணைத்தான் முதலில் சந்திக்கிறோம். எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல் ஒன்று அங்கே நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா, 1269ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்று இதைத்தான் சொல்கிறார்கள். அவள் எப்படி வாழ்ந்தாள், யாருடன் பேசிச் சிரித்தாள் என்று கல் சொல்லவில்லை. ஆனாலும் இந்தச் சமூகத்தின் கல்லில் நிலைத்த முதல் பெயர்களில் ஒன்று பெண்ணின் பெயர் என்பதே எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினேன்.

உள்ளே போனதும் கண் தானாக மேலே போகிறது. மரக்கூரையில் செதுக்கி வண்ணம் தீட்டிய தாமரைகள், நம் கோயில் விதானத்தில் பார்ப்பதைப் போலவே. நடுக்கூடத்தில், யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை. கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய வேறொன்றும் உண்டு: மாடத்தில் இன்னொரு வாசிப்பு மேடை. ஓய்வுநாளிலும் திருவிழா நாட்களிலும் மேலே ஏறித்தான் வேதம் வாசிப்பார்கள். அந்த மேடைக்கு நேர் பின்னால், ஒரு மரக்கிராதி மட்டும் தடுப்பாக இருக்க, பெண்கள் இருக்கும் இடம். வேதச் சுருள் விரிந்தபோது அதற்கு மிக அருகில் நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள்! நான் கிராதியின் கட்டங்கள் வழியே மேடையைப் பார்த்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம். எத்தனையோ மதங்களில் பெண்ணுக்குக் கருவறை எட்டாத தூரம். இங்கே அவள் மூச்சுக்காற்று படும் தூரத்தில் வேதம் ஒலித்திருக்கிறது.

இந்தப் பெண்களுக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியும். ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தவர்கள். வைதிக யூத மரபு பல நாடுகளில் ஆண்கள் காதில் விழும்படி பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்திருக்க, கொச்சியில் அந்தத் தடை பிடிக்கவில்லை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் பெண்கள் கூடி உரக்கப் பாடினார்கள், அதுவும் மலையாளத்தில். மணமகளை அலங்கரிக்கும் பாட்டு, ஆபிரகாமையும் மோசேயையும் பற்றிய பாட்டு, எந்த ஆலயம் எப்படி எழுந்தது என்ற பாட்டு, கிளியை அழைத்துக் கதை சொல்லும் பாட்டு என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவை அச்சில் வந்தது அண்மைக் காலத்தில்தான். அதுவரை கையெழுத்து நோட்டுகளில் வாழ்ந்தன. தாயின் நோட்டிலிருந்து மகள் எழுதிக்கொள்வாள், தோழியின் நோட்டிலிருந்து தோழி.

எங்கள் பெருமாள் கோயில் சனிக்கிழமை பஜனையில் ஆளுக்கொரு நீள நோட்டு இருக்கிறது. என்னுடையதில் பாதிப் பாட்டு இறந்துபோன ஒரு மாமியின் நோட்டைப் பார்த்து எழுதியது. அவர் தவறாக எழுதிய ஓரெழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. எண்ணெய்க் கறை பட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவர் குரல் கேட்கிறது. கொச்சிப் பெண்களின் நோட்டுகளைப் பற்றி அறிந்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நோட்டுகள் கடந்த சுவர் ஒன்று உண்டு. கொச்சி யூதர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில், முன்னோர் அடிமைகள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களுக்குச் சம இடம் கிடையாது. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்திய வழியில் போராடித்தான் அது தளர்ந்தது. பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசிகளும், முன்பே இங்கே வாழ்ந்த மலபாரிகளும் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆனால் இரு தரப்புப் பெண்களின் நோட்டுகளிலும் அதே பாட்டுகள் இருக்கின்றன! ஆண்கள் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தபோது பெண்கள் பாட்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இதைப் பக்தி என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பிறகு கஷ்ட காலம். மட்டாஞ்சேரியில் சில பெரிய வணிகக் குடும்பங்கள் இருந்தாலும், எறணாகுளம், பரவூர், மாள, சேந்தமங்கலம் யூதர்களில் பெரும்பாலோர் கோழி, முட்டை, மீன், மரம் என்று சில்லறை வியாபாரத்தில் வயிறு கழுவியவர்கள். 1948இல் இஸ்ரேல் உருவானதும் போய்விட வேண்டும் என்று கிளம்பினார்கள். அப்போது மொத்தமே சுமார் 2,400 பேர். யானைக்கால் நோயைப் பற்றிய அச்சத்தில் அங்குள்ள அதிகாரிகள் இவர்களை அழைக்கத் தயங்கினார்கள். பயணத்தை நம்பிக் கடையையும் வீட்டையும் விற்றவர்கள் கையிலிருந்ததைத் தின்று காத்திருந்தார்கள். பெரும் கூட்டம் போய்ச் சேர்ந்தது 1950களின் நடுவில்தான். மாள ஆலயத்தை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

போன இடத்திலும் ரேஷன் காலம். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களை நெகேவ் பாலையில் நெவாத்தீமிலும், எருசலேம் போகும் வழி மலையில் மெசிலத் சீயோனிலும் குடியமர்த்தினார்கள். விவசாயம் தெரியாத கைகள் மண்வெட்டி பிடித்தன. புது மொழி, புது வெயில். சேந்தமங்கலத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள் இப்போது எந்தக் குடியிருப்பில் இருக்கிறாளோ! அந்த நாட்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. வீடு போயிற்று, ஆலயம் போயிற்று. பெட்டிக்குள் கனமில்லாமல் வந்தது அந்த நோட்டுதான்.

ரூபி டேனியல் அப்படிப் போனவர். 1912இல் மட்டாஞ்சேரியில், அந்த ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றினார். 1951இல் இஸ்ரேலின் வடக்கே ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், குடியேறினார். மலையாளம் பேச அதிகம் பேர் இல்லாத இடம். 1970களில் பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் வேறு சிலரோடு சேர்ந்து கொச்சிப் பெண்களின் பாட்டுகளை ஒலிநாடாவில் சேகரிக்கத் தொடங்கினார். பிறகு ரூபியும் பார்பராவும் நெருங்கிய தோழிகளானார்கள். முதிய வயதில் ரூபி பாட்டுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். இருவரும் சேர்ந்து எழுதிய ரூபியின் வாழ்க்கை நினைவுகள் 1995இல் நூலாக வந்தன. 2002இல் அவர் காலமானார். தான் பிறந்த ஊர் ஆலயத்தில் சரியான இடம் கிடைக்காத ஒருவர் அந்த ஊரின் பாட்டை உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனதை நான் தெய்வச் செயல் என்றே நம்புகிறேன்.

மட்டாஞ்சேரியில் பரதேசி ஆலயத்தின் நீல வெள்ளைச் சீனத் தரையோடுகளையும் தொங்கு விளக்குகளையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதே தெருவில் சாரா கோஹன் தொப்பிகளுக்கும் அப்பம் மூடும் துணிகளுக்கும் பூவேலை செய்து விற்ற கடையைப் பாருங்கள். துணையில்லாத முதுமையில் அவரைத் தாங்கியது ஒரு முஸ்லிம் குடும்பம். 2019இல் 96 வயதில் மறைந்தார். 2024இல் குவீனி ஹலேகுவாவும் போன பிறகு, அந்த ஆலயத்தின் மாடத்தில் நிற்கச் சமூகப் பெண்கள் ஊரில் இல்லை.

தெருவிலிருந்து சற்றுத் தள்ளி நெகேமியா மோத்தா என்ற யூத மகானின் சமாதி இருக்கிறது. 1615இல் மறைந்தவர். எல்லா மதத்தவரும் வேண்டிக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாங்களும் ஏற்றினோம். தோழி தன் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டாள். நான் அவளுக்காக வேண்டிக்கொண்டேன்.

ஒரு விண்ணப்பம் இருக்கிறது. சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் கட்டடத்தை அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள்; அதற்கு நன்றி. அந்த மாடத்தில் பெண்களின் பாட்டும் நாள்தோறும் ஒலிக்க வேண்டும். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, இஸ்ரேலில் இன்றும் பாடுகிற பாட்டிகள் இருக்கிறார்கள். போகிறவர்கள் கவனத்துக்கு: பரதேசி ஆலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. பரவூரில் பெண்களுக்கென்றே தனிப் படிக்கட்டு உண்டு. முழங்கால் வலி இருந்தாலும் மெதுவாக ஏறிவிடுங்கள், முடிந்தால் ஒரு தோழியோடு.