வரைபடத்தில் வைக்காத புள்ளி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் மலையே ஏறவில்லை. ஹெர்பேரிய அறையில்தான் இருந்தேன். நாப்தலின் வாடையும் பழைய காகித வாடையும் கலந்த அறை. உலர்ந்த செடிகளை ஒட்டிய தாள்களின் மூலையில் ஒரு சீட்டு இருக்கும். அதைப் படித்து, யார், எப்போது, எங்கே எடுத்தார்கள் என்று கணினியில் ஏற்ற வேண்டும். 'எங்கே' என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் எரிச்சல் வரும். பழைய சீட்டுகள் பலவற்றில் மலைத்தொடரின் பெயர் மட்டும்தான் இருக்கும். எந்தச் சரிவு, எந்த ஓடை, எவ்வளவு உயரம், ஒன்றும் இருக்காது. அவ்வளவு தூரம் நடந்து போனவருக்கு இன்னும் ஒரு வரி எழுதக் கை வரவில்லையா என்று நினைப்பேன்.

இப்போது அப்படி நினைப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு ஆர்க்கிட்.

பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்பது அதன் முழுப்பெயர். எங்களுக்குள் 'ட்ரூரி' என்றுதான் சொல்லிக்கொள்வோம். செருப்பு ஆர்க்கிட் வகை. பூவின் உதட்டிதழ் குழிந்து, செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு சின்னப் பையாக இருக்கும். இந்தப் பேரினத்தில் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது இது ஒன்றுதான். அதுவும் அகத்தியமலைப் பகுதியை விட்டால் உலகில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. 1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டார். 1874-இல் தாவரவியலாளர் பெடோம் இதை விவரித்து, ட்ரூரியின் பெயரையே வைத்தார். அப்புறம் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிருக்கும் என்றுகூட நினைத்தார்கள். 1972-இல் மறுபடியும் கிடைத்தது.

கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்குள் சேதி பரவிவிட்டது. செடி வியாபாரிகள் மலையேறி, வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். நூறு வருடம் யார் கண்ணிலும் படாமல் பிழைத்திருந்த செடிக்கு, கண்டுபிடித்த செய்தியே எமனாகிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-இல்தான். ஆனால் செடிகளுக்கான அத்தியாயம் அந்தச் சட்டத்தில் சேர்ந்தது 1991 திருத்தத்தில். அந்தப் பட்டியலில் செருப்பு ஆர்க்கிட்டுகள் இடம்பெற்றன. நடுவில் போன 19 வருடங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

இரண்டாம் வருடம் ட்ரூரியைக் கணக்கெடுக்க என்னைக் களத்துக்கு அனுப்பினார்கள். எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம், எத்தனை செடிகள் பார்த்தோம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது உங்களுக்கே புரியும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணி பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். வனக் காவல் பணியில் பல வருடம் இருந்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் கட்டிவிட்டதிலிருந்து, ஈத்தைக் காட்டுக்குள் யானை நிற்கிறதா என்று மோப்பத்தில் சொல்வது வரை எல்லாம் அவர்தான். ட்ரூரி நிழலான சோலைக்குள் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. புல்லும் பாறையும் கலந்த, வெயிலும் காற்றும் நேராக அடிக்கிற சரிவுகள்தான் அதன் இடம். அதனால்தான் கோடைத் தீயும் அதற்கு ஒரு எதிரி.

முதல் மூன்று நாள் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லாத நாளுக்கு எதை எழுதுவது என்று நோட்டை மூடினேன். எங்கள் குழுத்தலைவர் மறுபடியும் திறக்கச் சொன்னார். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த வழியாக நடந்தோம், எதைத் தேடினோம், கிடைத்தது பூஜ்யம். இதை எழுதாவிட்டால், இன்னும் பத்து வருடம் கழித்து வருகிறவருக்கு அங்கே செடி இல்லையா, அங்கே யாரும் தேடவே இல்லையா என்று தெரியாது. அரிது என்ற சொல்லுக்குப் பாதி ஆதாரம் இந்தப் பூஜ்யங்கள்தான்.

நாலாம் நாள் காலை, பாறை இடுக்கில் ஒரு குத்துச் செடி. இலைகள் பட்டையாக, பச்சையாக, இந்தப் பேரினத்தின் பல இனங்களில் இருப்பதுபோல் புள்ளியோ திட்டோ இல்லாமல் இருந்தன. நடுவிலிருந்து மென்மயிர் படர்ந்த ஒரு தண்டு, அதன் உச்சியில் ஒற்றைப் பூ. மஞ்சள். மேலிதழின் நடுவிலும் இரு பக்க இதழ்களின் நடுவிலும் அரக்குப் பழுப்பில் ஒரு கோடு, தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. பையும் மஞ்சள்தான், தேன் ஊற்றி வைத்ததுபோல் மினுமினுப்பு. உலர்தாளில் நான் பார்த்ததெல்லாம் நசுங்கிப் பழுத்துப்போன ஒரு கறை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லென்ஸை வைத்துப் பார்க்கக் குனிந்தபோது மூச்சு பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த கேள்வி, இது ஒரு செடியா, நாலு செடியா? ட்ரூரி பக்கத்தில் புதுக் குருத்து விட்டுப் பெருகும். ஒரு குருத்து ஒரு தடவைதான் பூக்கும், பிறகு பக்கத்துக் குருத்தின் முறை. ஆகவே குத்துக்கு ஒரு எண்ணிக்கை, குருத்துக்கு ஒரு எண்ணிக்கை என்று தனித்தனியாக எழுதுவோம். பூத்ததா, காய் பிடித்ததா, பக்கத்தில் சின்ன நாற்று உண்டா என்பதும் தனித்தனிக் கட்டம். நாற்றுக் கட்டம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. செருப்பு ஆர்க்கிட்டுகள் பூச்சிக்குத் தேன் தருவதில்லை. ஏமாந்து பைக்குள் விழும் பூச்சி, பின்பக்கத்து இடுக்கு வழியாக ஏறி வெளியே வரும்போது மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும். அதே பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய். காய்க்குள் தூசி மாதிரி விதைகள். விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது, மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். பூ நிறைய இருக்கிற சரிவைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது தப்பாகிவிடும். நாற்றே இல்லையென்றால் அது முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்.

செயற்கையாக வளர்த்துக் காட்டில் திரும்ப நட்ட வேலையும் நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தார் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் நிறைய மரியாதை உண்டு. ஆனால் கணக்கு எடுக்கிறவன் நட்டதையும் தானாக முளைத்ததையும் பிரித்து எழுதியாக வேண்டும். வெளிநாட்டுக் கண்ணாடி வீடுகளில் தொட்டிகளிலும் ட்ரூரி இருக்கிறது. 'அப்புறம் எப்படி அரிது என்கிறீர்கள்?' என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. தொட்டியில் இருப்பது அந்த மலையின் பூச்சியையும் பூஞ்சையையும் அறியாது. காட்டில் இருப்பதை வைத்துத்தான் கணக்கு.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ட்ரூரியை மிக அருகிய இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகைப்பாட்டில், வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்கள் போட்டு, செடி இருக்கும் கட்டங்களை எண்ணுவார்கள். மொத்தம் 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக வந்தால், அதோடு மூன்று நிபந்தனைகளில் இரண்டாவது சேர்ந்து இருந்தால், மிக அருகியது: செடிகள் துண்டு துண்டாகச் சிதறியிருப்பது அல்லது ஒரே 'இடத்தில்' மட்டும் இருப்பது, தொடர்ந்து குறைந்துவருவது, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குவது. அதில் 'இடம்' என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. ஒரே ஆபத்து ஒரே சமயத்தில் எத்தனை செடிகளைத் தாக்குமோ, அத்தனையும் சேர்ந்து ஒரு இடம். படித்தபோது வெறும் வரையறையாகத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்தான் விளங்கியது. முந்தைய பருவத்தில் எங்கள் குழு பதிவு செய்திருந்த ஒரு குத்தைத் தேடிப் போனோம். ஜி.பி.எஸ். காட்டிய இடத்தில் ஒரு குழி. பன்றியாக இருக்கும் என்றேன். அண்ணாச்சி உட்கார்ந்து குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பன்றி கிளறினால் மண் நாலாபக்கமும் சிதறும். இங்கே மண் ஒரே பக்கம் குவிந்து கிடந்தது. ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி நேர்க்கோடு. அறுந்த வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது கம்பிப்பாரை தம்பி. பன்னிக்கு இது எதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "போன தடவ ரெண்டு பேரு வந்தானுவ. மூலிகை தேடுறோம்னானுவ. கையில போன்ல இந்தப் பூ படம். நான் வேற பக்கம் காட்டி அனுப்பிட்டேன். அவனுவளுக்கு வேற யாரோ சொல்லியிருக்கான்."

சொன்னது யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தைய பருவத்து அறிக்கைக்கு வரைபடம் போட்டவன் நான்தான். பெரிதாக்கிப் பார்த்தால் ஓடை வளைவுகூடத் தெரியும் அளவுக்குத் துல்லியமாக, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அது அச்சாகும் முன்பே குழுத்தலைவர் எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தேன், அரைமனதாக. நான் பாடுபட்டுச் சேர்த்த துல்லியத்தை மறைக்கச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு குறை. அந்தக் குழியைப் பார்த்த பிறகு அந்தக் குறை போய்விட்டது. பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்று ஒரு இனம் வியட்நாமில் உண்டு. 1999-இல் பெயர் வைத்து வெளியிட்டார்கள். சில வருடங்களிலேயே காட்டில் இருந்ததைச் சூறையாடிவிட்டார்கள்.

இப்போது எங்கள் வேலை முறை மாறிவிட்டது. செடிக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடு அடிப்பதில்லை, அது தேடி வருகிறவனுக்கு அடையாளம். பெயர் சொல்லாத ஒரு பாறையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று நோட்டில் மட்டும் இருக்கும். படம் எடுக்கும் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுத்தான் மலை ஏறுகிறோம். பின்னணியில் சிகரம் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. அறிக்கையில் பெரிய சாம்பல் கட்டம் ஒன்று மட்டும் வரும். உண்மையான எண்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, கேட்க உரிமை உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம். நோட்டில் ஒரு புதுக் கட்டமும் சேர்த்தோம். முன்பெல்லாம் 'இல்லை' என்று மட்டும் எழுதுவோம். இப்போது 'இல்லை' ஒன்று, 'எடுக்கப்பட்டது' ஒன்று.

கடைசி நாள் வேலை முடிந்து இறங்கத் திரும்பினேன். ஏறி வந்த வழியில் புல் மடங்கிக் கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் சுலபம். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"வந்த வழியே போனா தடம் விழுந்துரும். ஆளுக்கு ஒரு பக்கமா இறங்குங்க. கீழ ஓடையில சேந்துக்கலாம்."

ஐந்து பேரும் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகப் புல்லுக்குள் இறங்கினோம். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். எந்தப் பாறை என்று எனக்கே தெரியவில்லை.