கையடக்க கன்சோலுக்குள் மைக் பொருத்த: ஜாக், சுவிட்ச், துளை

ஹெட்செட் மைக்கை ஏற்கும் கையடக்க கன்சோல் என்றால், உள்ளேயே ஒரு மைக் வைப்பது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் மைக்கின் இரண்டு வயரையும் ஹெட்போன் ஜாக்கின் கால்களில் நேராகச் சால்டர் வைத்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. காரணம் அந்த ஜாக்கிலேயே இருக்கிறது.

நான்கு பிரிவுள்ள 3.5 மி.மீ. பின்னில் நுனி இடது ஒலி, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக். இன்று பரவலாக உள்ள சிடிஐஏ முறை இது. பழைய ஓஎம்டிபி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். சாதாரண ஹெட்போனின் பின்னில் மூன்றே பிரிவுகள். அதைச் செருகியதும் ஜாக்கின் மைக் கால் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடும், உள் மைக் ஊமையாகும். எதையும் செருகாவிட்டாலோ, பல கன்சோல்கள் மைக் லைனுக்கு மின்சாரமே கொடுப்பதில்லை. நான்கு பிரிவு ஹெட்செட்டைச் செருகினால் இரண்டு மைக்கும் ஒரே லைனில் தொங்கும். அந்த லைனுக்கு 2.5 வோல்ட், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக் 0.3 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதற்கு 1.84 வோல்ட் மிஞ்சும். இரண்டு இழுத்தால் 1.18 வோல்ட்தான். இரண்டுமே சரியாகப் பேசாது.

இதற்குச் சரியான தீர்வு ஒரு சின்ன மூன்று கால் ஸ்லைடு சுவிட்ச். ஜாக்கின் மைக் காலிலிருந்து ஆடியோ சிப்புக்குப் போகும் டிராக்கை (போர்டில் ஓடும் செம்புக் கோட்டை) வெட்டுங்கள். நடுக்கால் சிப் பக்கத்துக்கு, ஓரக்கால் ஒன்று ஜாக்குக்கு, மற்றது உள் மைக்குக்கு. பின்னைச் செருகும் முன்பே சுவிட்சை உள் மைக் பக்கம் தள்ளிவிட்டு, மூன்று பிரிவு ஹெட்போனைச் செருகினால், கன்சோல் அதை ஹெட்செட் என்றே எடுத்துக்கொள்ளும். செருகும் நொடியில்தான் அது சோதித்துப் பார்க்கிறது என்பதால் இந்த வரிசை முக்கியம். சிடிஐஏ, ஓஎம்டிபி இரண்டையும் தானே கண்டறிந்து மாற்றிக்கொள்ளும் சிப் உள்ள போர்டில் மட்டும் இந்த வழியை நம்ப வேண்டாம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். எது மைக் கால் என்று ஊகிக்காதீர்கள்: நான்கு பிரிவு பின் ஒன்றைச் செருகி, மல்டிமீட்டரின் பீப் சோதனையில் கடைசிப் பிரிவைத் தேடுங்கள்.

மைக்குக்கு 6 மி.மீ. விட்டமும் 2.7 மி.மீ. தடிமனும் கொண்ட இரண்டு கால் எலெக்ட்ரெட் (உள்ளே நிலையான மின்னேற்றம் கொண்ட சின்ன மைக்) போதும். இடம் நெருக்கடி என்றால் 4 மி.மீ. வகை. போன்களில் இருக்கும் மெம்ஸ் மைக்கை (சிலிக்கன் சிப்பாகச் செய்யப்பட்ட நுண் மைக்கை) கழற்றி இங்கே போடக் கூடாது. அதற்குத் தனி சப்ளை கால் உண்டு, இந்த லைனில் இயங்காது. எலெக்ட்ரெட்டில் உலோக உறையோடு சேர்ந்திருக்கும் கால்தான் கிரவுண்ட். சால்டர் முனை இரண்டு விநாடிக்கு மேல் தங்க வேண்டாம். சூடு ஏறினால் உள்ளிருக்கும் மின்னேற்றம் குறைந்து மைக் மந்தமாகிவிடும்.

இரைச்சல் பெரும்பாலும் கிரவுண்டைத் தவறான இடத்தில் எடுப்பதால் வருகிறது. அருகில் இருக்கிறது என்று பேட்டரி நெகட்டிவிலோ உலோகத் தகட்டிலோ சேர்த்தால், பவர் சர்க்யூட்டின் மின்னோட்டம் அதே பாதையில் கலந்து கீச்சென்று கேட்கும். ஜாக்கின் கிரவுண்ட் காலுக்கே ஷீல்டு வயரைக் கொண்டுபோங்கள். வைஃபையால் டிக் டிக் என்ற சத்தம் வந்தால் மைக்கின் கால்களுக்குக் குறுக்கே 10 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். அது மைக்கை ஒட்டியே இருக்க வேண்டும், வயரின் மறுமுனையில் அல்ல.

இடம் தேர்வில் அவசரம் கூடாது. ஹெட்செட் மைக் வாயிலிருந்து 5 செ.மீ. தூரம், கன்சோல் 40 செ.மீ. எட்டு மடங்கு தூரம் என்றால் 18 டெசிபெல் குறைவு. குரல் அவ்வளவு தளர்ந்து வரும்போது பட்டன் சத்தமும் ஃபேன் இரைச்சலும் எளிதாக மேலோங்கிவிடும். ஸ்பீக்கர், ஃபேன், பட்டன்கள் ஆகியவற்றிலிருந்து விலகி, உள்ளங்கை மூடாத இடமாகப் பாருங்கள். கீழ் விளிம்பின் நடுப்பகுதி பெரும்பாலும் தோதாக இருக்கும்.

துளை 1 முதல் 1.5 மி.மீ. போதும். மைக்குக்கு ரப்பர் உறை போட்டு, அதன் வாய் துளையைச் சுற்றி இடைவெளியின்றி அழுந்தும்படி வையுங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: பசை போட்டு ஒட்டிவிடுவார்கள், கன்சோலுக்குள் சுற்றும் சத்தமெல்லாம் பின்பக்கமாக மைக்குக்குள் புகும். மூடியை முழுதும் பூட்டும் முன் துளையின் மேல் டேப் ஒட்டிப் பேசிப் பாருங்கள். ஒலி அளவு சட்டென்று விழுந்தால் சீல் சரி. பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சத்தம் உள்ளிருந்துதான் வருகிறது. ரப்பர் உறையை மறுபடி பொருத்துங்கள்.