வால்வு லீக் என்று சொன்ன பிறகு

டாக்டர் பேசிவிட்டு எழுந்து போனதும், வீட்டார் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். "சிஸ்டர், எந்த வால்வு நல்ல வால்வு?" இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருடங்களாக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

பெரும்பாலும் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் வால்வு, கசிவதுதான். மூடவேண்டிய நேரத்தில் சரியாக மூடாமல், முன்னால் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால், நுரையீரல் பக்கமாகத் திரும்பும். சொந்த வால்வையே தைத்துச் சரிசெய்ய முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. வால்வின் கதவு போன்ற இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும் நாண் அறுந்திருந்தால் அதற்குப் பதில் புது இழை கட்டி, சுற்றிலும் ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள். வயதாகி இதழ் தொங்கிப்போனவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதழ் தடித்துச் சுருங்கியவர்கள் நம்மிடம் நிறைய. அந்த இதழில் தையல் அத்தனை காலம் நிற்பதில்லை. அப்போது மாற்று வால்வு: உலோகமா, மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்ததா?

இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம். "உலோகமே வச்சிருங்க, ஒரேடியா முடிஞ்சிரும்ல" என்றார் மாமியார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், உண்மைதான். 1990 கடைசியில் திருவனந்தபுரத்தில் முதன்முதலாகப் பொருத்திய நம் நாட்டு சித்ரா வால்வும் அந்த வகைதான். ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போடவேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த மாத்திரை கருவின் முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கலாம்; பயந்து நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. திசு வால்வுக்கு ஆயுள் முழுக்க அந்த மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் பத்து, பதினைந்து வருடத்தில் தேயும், இளம் உடம்பில் இன்னும் சீக்கிரம். மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டி வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்: "ரத்தம் பாக்க ரெண்டு பஸ் மாறி வரணும். புள்ளையும் வந்துட்டா யாருக்கா கூட்டிட்டு வருவா?" அதை நான் டாக்டரிடம் போய் அப்படியே சொன்னேன். மறுபடி உட்கார்ந்து பேசித் திசு வால்வு என்று முடிவானது. இன்னொரு ஆபரேஷன் காத்திருக்கிறது என்று தெரிந்தே அவள் ஒப்புக்கொண்டாள்.

நெஞ்சைத் திறக்காமல், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் போய் இதழ்களைக் கிளிப் போட்டுப் பிடிக்கும் முறையைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆபரேஷனைத் தாங்கமாட்டாத முதியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் எல்லா வால்வுக்கும் பொருந்தாது, செலவும் லட்சக்கணக்கில்.

நான் இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது, உலோக வால்வு வைத்த ஒருவரை டிஸ்சார்ஜ் செய்தேன். வார்டில் கூட்டம். "மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். பல் பிடுங்குவதற்காக நிறுத்தியவர் திரும்பத் தொடங்கவே இல்லை. மூச்சிறைப்போடு தூக்கி வந்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியில டிக் டிக்னு கேக்குமே, அந்தச் சத்தம் ரெண்டு நாளா கேக்கல சிஸ்டர்" என்றார். உலோக வால்வின் தகடு திறந்து மூடும் சத்தம் அது. வால்வில் ரத்தம் உறைந்து அந்தத் தகடு அசையாமல் நின்றிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் குறைந்தால் உடனே கிளம்பி வரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது உலோக வால்வு வைத்தவர் யார் வீட்டுக்குக் கிளம்பினாலும், கூட இருப்பவரை அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்கச் சொல்கிறேன். "கேக்குதா? இது மங்கினா அன்னைக்கே வந்துடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது." அவர்கள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுப்பேன்.