கோட்டைவாசலில் மூலப்படை

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையையும் எதிரிகளையும் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு நாயகனாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம் அது. நடத்துபவன் நான். தங்கை மந்திரவாதி, அண்ணி வாள்வீராங்கனை, இரண்டு நண்பர்கள் மற்ற நாயகர்கள். சம்பளத்துக்குப் போரிடும் படைவீரர்களை இந்த ஆட்டத்தில் படைவீரர்களாகவே நடக்க வைக்க ஒரு மாதமாக முயன்று வருகிறேன்.

முதல் வாரம் கோட்டை முற்றத்தில் 8 காவலர்களை நிறுத்தினேன். 2014ஆம் ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பின்படி ஒரு காவலனின் கவச எண் 16, அதாவது அவன்மேல் அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண். அவன் தாங்கக்கூடிய சேதமான உயிர்ப்புள்ளி 11. தங்கை தீக்கோளம் என்ற வெடிக்கும் மந்திரத்தை ஏவினாள். அதன் சேதம் 8 அறுமுகப் பகடை, சராசரி 28. விலகித் தப்பினாலும் பாதி சேதம், அதாவது 14. ஒரே வட்டத்துக்குள் நின்ற எட்டுப் பேரும் விழுந்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. மந்திரவாதிகள் நடமாடும் உலகில் பத்தாண்டு சம்பளம் வாங்கிய ஒரு வீரன் இப்படிக் குவிந்து நிற்பானா?

அடுத்த வாரம் உயிர்ப்புள்ளியை 40 ஆக்கினேன். சண்டை இரண்டு மணி நேரம் இழுத்தது, பயம் மட்டும் வரவில்லை. அன்றோடு அதைக் கைவிட்டேன்.

வழி காட்டியது நான் ராணுவத்தில் கட்டாயப் பணி செய்த தேசிய சேவைக் காலம்தான். எங்கள் செக்‌ஷனில் 7 பேர், படையில் ஒரு சிறு குழு அது. ஒருவர் நகரும்போது இன்னொருவர் காக்க வேண்டும். தனியாக யாரும் ஓடக்கூடாது. எங்களில் யாருக்கும் அசாத்திய உடல்வலிமை கிடையாது. பழக்கம்தான் எங்களை ஒரு படையாக்கியது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறாகச் சொல்கிறார். தலைமுறை தலைமுறையாக வரும் மூலப்படைதான் அவற்றுள் சிறந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எனவே எண்களை அப்படியே விட்டுவிட்டு நடத்தையை மாற்றினேன். 10 அடி அகல வாசல் வழி, கட்டத்தாளில் இரண்டு கட்டம். முன்வரிசையில் கேடயத்தோடு இருவர். அவர்கள் தாக்கவே மாட்டார்கள். தங்கள் முறையில் தற்காப்பை மட்டும் எடுப்பார்கள். அப்போது எதிரி இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். அண்ணியின் வாள் வழக்கமாக 60 விழுக்காடு படும். அது 36 விழுக்காடாக இறங்கியது. பின்வரிசையில் 10 அடி எட்டும் நெடுவேலோடு இருவர். முன்னால் நிற்பவரின் உடல் இடையில் மறைப்பதால் எதிரிக்குக் கவச எண் 2 கூடுகிறது, குத்து அதிகம் படவில்லை. பரவாயில்லை, அவர்கள் வேலை நேரம் வாங்குவது. வில்லாளிகள் இருவர் ஆளுக்கொரு மூலையில். தலைவன் ஒருவன். எட்டாவது ஆள் முதல் சுற்றிலேயே மணியடிக்க ஓடிவிட்டான்.

கேடயக்காரர்கள் ஓடிவந்து அண்ணியின் இருபுறமும் ஒட்டி நின்றார்கள். தங்கை பகடைகளைக் கையில் எடுத்தாள். வரைபடத்தில் தீக்கோளத்தின் 20 அடி ஆர வட்டத்தை விரலால் வரைந்து பார்த்தாள். அந்த இருவரும் சிக்கும்படி எங்கு வைத்தாலும் அண்ணி உள்ளே இருந்தார். பகடைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மேசையில் வைத்தாள். "அண்ணா, இவர்களை எப்படித்தான் உடைப்பது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வாரம் காத்திருந்தேன்.

படையின் மன உறுதிக்கு இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பின் பழைய விதியை எடுத்துக்கொண்டேன். முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு அறுமுகப் பகடை உருட்ட வேண்டும். உறுதி எண்ணைத் தாண்டினால் படை உடையும். நாட்டுப்படைக்கு 6, கூலிப்படைக்கு 8, மூலப்படைக்கு 10 என்று நானே வைத்தேன். 36 வாய்ப்பில் முறையே 21, 10, 3 முறை உடைவார்கள். வித்தியாசம் மேசையில் உடனே தெரிந்தது. தலைவன் விழுந்தால் கூடுதலாக ஒரு முறை உருட்டுவது, அப்போதிருந்து உறுதி எண்ணில் 2 குறைப்பது என்பதும் என் சேர்க்கை. தலைமக்கள் இல்லாத தானை தானையே அல்ல என்ற குறள் மனத்தில் இருந்தது.

நான்காம் சுற்றில் நண்பனின் அம்பு தலைவனை வீழ்த்தியது. பகடையில் 9. மூலப்படையின் உறுதி எண் 10இலிருந்து 8 ஆகியிருந்தது. படை உடைந்தது, ஆனால் சிதறவில்லை. இருவர் கேடயம் பிடிக்க, இருவர் தலைவனைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். முதுகில் அம்பு எய்ய நண்பனுக்கு வாய்ப்பிருந்தது. அவன் எய்யவில்லை.

அண்ணி வேறு ஒன்றைக் கேட்டார்: "இவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் தம்பி? ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?" 1415ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த அஜின்கூர்ப் படையெடுப்பில் ஆங்கிலேய வில்வீரனுக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், கவச வீரனுக்கு 12 பென்ஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. எங்கள் விதிநூலில் திறனுள்ள கூலியாளுக்கு நாளுக்கு 2 பொற்காசு. கோட்டைப் பிரபு மூன்று மாதமாகக் கொடுக்கவில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், அதை அவர்களிடம் சொல்லவில்லை. இந்த வாரம் கோட்டையின் சம்பளக் கணக்கேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். 40 பெயர்கள் வேண்டும், இதுவரை 17 ஆகியிருக்கின்றன.