ஜாதிபத்திரி வந்த வழி

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஆச்சி மசாலாவுக்குச் சாமான் வறுக்கும்போது, கல்பாசிக்கும் மராட்டி மொக்குக்கும் நடுவே சிறிது ஜாதிபத்திரியும் விழும். அந்தப் பத்திரியும் அது போர்த்தியிருக்கும் ஜாதிக்காயும் ஒரு காலத்தில் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தன என்று அறிந்த நாளிலிருந்து அந்த மணம் என்னைக் கலங்க வைக்கிறது.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை அத்தீவினர் மீறியதாகச் சொல்லி, 1621இல் யான் பீட்டர்சூன் கூன் தலைமையில் படையெடுத்தது. ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் பெரும்பாலோர் வெட்டுண்டோ பட்டினியிலோ மாண்டனர், அல்லது அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பிறகு தோட்ட வேலைக்கு வேற்றிடத்து அடிமைகள் வந்தார்கள்.

பண்டா தீவுகளில் ஒன்றான ரன் டச்சுக்காரருக்கும், இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கும் என்று முடிந்த 1667ஆம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையைப் பலர் வியந்து பேசுகிறார்கள். மாண்ட மக்களைப் பேசாதது எனக்குத் தீராத வருத்தம்.