பேரன்தெட்டிக்கல்: பிறைக்குள் வைத்த பேச்சு

பேச்சுக்கு நடுவே ஒரு சின்னக் குறிப்பைச் சொருகிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறோமே, அந்தச் சொருகலுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரடை 'பேரன்தெட்டிக்கல்'. இதில் அழுத்தம் 'தெட்' மேல் விழும். பெயர்ச்சொல்லில் அது முன்னால், 'ரென்' மேல் நகர்ந்துவிடும்: ப-ரென்-த-சிஸ்.

வேர் கிரேக்கம். 'பாரா' என்றால் பக்கத்தில், 'என்' என்றால் உள்ளே, 'திதெனாய்' என்றால் வைத்தல். தீசிஸ், ஹைப்பாதெசிஸ், சிந்தெசிஸ் எல்லாம் இதே 'வைத்தல்' குடும்பம். (பேரன்ட் இதற்கு உறவில்லை; அது ஈன்றெடுத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்தது.) லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த பேரன்தெசிஸ், முதலில் சொருகலுக்குத்தான் பெயர், சொருகலைச் சுற்றிப் போடும் ( ) வளைகோடுகளுக்கு அது பின்னால் ஒட்டியது. அந்தக் கோடுகளை டச்சு அறிஞர் எராஸ்மஸ் 'லூனுலே', அதாவது குட்டிப் பிறைகள் என்றார். நாமும் பிறை அடைப்பு என்றுதானே சொல்கிறோம்!

பேரன்தெட்டிக்கல் என்றால் 'முக்கியமில்லாதது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் உடையாது, அவ்வளவுதான் பொருள். குத்தலான பேச்சு 'ஸ்னைட்'; தடம் மாறிப் போவது 'டேஞ்சென்ஷியல்'. இது இரண்டும் இல்லை.

எழுதும்போது சறுக்குவது பெரும்பாலும் வினையில். 'தி மேனேஜர் (அண்ட் ஹிஸ் கிளார்க்ஸ்) வாஸ் லேட்' என்பதில் 'வாஸ்' சரி, 'வேர்' தப்பு. பிறைக்குள் இருப்பவர்களை வினை கணக்கில் எடுக்காது. காது உறுத்தினால் பிறையை எடுத்துவிட்டு 'வேர்' போடுங்கள். பிறை திறக்கும் முன் காற்புள்ளி வராது. தேவையானால் மூடிய பிறகு வரும். முழு வாக்கியமும் பிறைக்குள் தனியாக நின்றால் முற்றுப்புள்ளியும் உள்ளே. வாக்கியத்தின் துண்டு மட்டும் என்றால் வெளியே.

திரைக்கதையில் இதுவே பெயர்ச்சொல்லாகிவிடும். பாத்திரத்தின் பெயருக்குக் கீழே, வசனத்துக்கு மேலே, '(தயங்கி)' என்று நடிகருக்குத் தரும் குறிப்புதான் பேரன்தெட்டிக்கல்.

தமிழில் இதற்கு 'இடைப்பிறவரல்' என்று எழுதத் தோன்றும். நன்னூல் இந்தப் பெயரால் சொல்வது வேறு: ஒரு சொல்லுக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் இடையே பொருந்தி வரும் பிற சொல். 'வந்து சாத்தன் அவ்வூர்க்குப் போயினான்' என்பதில் எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் வினைக்கும் இடையே வந்த சாத்தன்தான் எழுவாய். அவனைப் பிறைக்குள் போட முடியாது. 'இடைக்குறிப்பு' போதும்.