ரெண்டு பொன்னி: தாத்தாவின் நெல் கணக்கை சிஎஸ்வி ஆக்கும் வேலை

தாத்தாவின் நெல் கணக்கை சிஎஸ்வி (கமா வைத்துப் பத்தி பிரித்த அட்டவணை ஃபைல்) ஆக்கும்போது மூன்று ராத்திரி என்னைப் பிடித்து வைத்த சிக்கல் நேற்று அவிழ்ந்தது. அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வயல்களின் கண்டுமுதலை (அறுவடையில் கிடைத்த நெல்லின் அளவை) 1964 தொடங்கி 1991 வரை தாத்தா நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். டைப் அடிக்கக் கொடுத்த இடத்தில் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில்) அடித்துத் தந்தார்கள். ஒரு கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். வரிகள் இப்படி இருக்கும்:

28.9.67 குறுவை கொல்லையடி 1 மா ஏடிடி27 க.மு 11-5 கூலி 1-2

கொல்லையடி வயலின் பெயர், ஏடிடி27 நெல் ரகம், க.மு என்றால் கண்டுமுதல். 11-5 என்றால் 11 கலம் 5 மரக்கால். ஸ்பிரெட்ஷீட்டில் நேராகத் திறந்தேன், அது மே 11 ஆகிவிட்டது! பத்தியை டெக்ஸ்ட் என்று முன்கூட்டியே சொன்னால் அது சரியாகிவிடும். ஆனால் ஒரு வரியில் கூலி ஒரு தடவை வருகிறது, இன்னொன்றில் அறுப்பு, கட்டு, போர் என்று மூன்று தடவை. இடைவெளியை வைத்துப் பிரித்தால் பத்திகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடுகின்றன. வரிகளைப் பத்தி பத்தியாகப் பிரிக்கும் awk என்ற கருவியும் இதே இடத்தில்தான் நின்றது. பத்திகள் ஒழுங்காக இருக்கிற ஃபைலுக்கு அது நல்ல வேகம், தாத்தாவின் வரிகள் அப்படி இல்லை. கடைசியில் வரியைப் பிரிக்கப் பைத்தான், பெயர்களைச் சுத்தம் செய்ய ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒரே கருவியில் முடிக்க நினைத்துத்தான் ஒரு மாதம் போனது.

அளவெல்லாம் மரக்காலாக்கிவிட்டேன். கலத்துக்கு 12 என்றால் 11-5 என்பது 137. நிலம் குழியில்: மாவுக்கு 100, வேலிக்கு 20 மா. முழு எண்ணாக இருந்தால் கூட்டல் எங்கும் பிசகாது. கூலிக்குத் தனி சிஎஸ்வி, ஒவ்வொரு அறுப்புக்கும் நான் கொடுத்த எண் இரண்டையும் இணைக்கும். தேதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இரண்டு இலக்க வருஷத்தைப் பைத்தானின் தேதி வாசிப்பான் 69 முதல் 99 வரை 1900களிலும், 00 முதல் 68 வரை 2000களிலும் போடும். எங்கள் 67 குறுவை 2067க்குப் போய்விட்டது. வருஷத்தை நாமே 19 சேர்த்துக் கொடுப்பதுதான் வழி.

இப்போது அந்த மூன்று ராத்திரிக்கு வருகிறேன். ஓப்பன்ரிஃபைனில் நெல் ரகம் பத்திக்கு ஃபேசட் (எந்தப் பெயர் எத்தனை தடவை என்ற பட்டியல்) போட்டால் பொன்னி 31, அதற்குக் கீழே மறுபடி பொன்னி 14. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. முன்னும் பின்னும் ஸ்பேஸ் இருக்குமோ என்று வெட்டினேன், போகவில்லை. பைத்தானில் நீளம் கேட்டேன்: ஒன்று 6, இன்னொன்று 7. அப்போதுதான் புரிந்தது. பொ என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், தனித்தனியாக இரண்டாகவும் வரலாம். கன்வெர்ட்டர் போட்ட பகுதியில் இரண்டாக இருந்தது, விட்டுப்போனதை நான் போனில் அடித்த இடங்களில் ஒன்றாக. இப்படிப் பிரிந்திருப்பதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறைக்கு என்எஃப்சி நார்மலைசேஷன் என்று பெயர், பைத்தானில் ஒரே வரி. ஓட்டியதும் பொன்னி 45. போர், கோடை, கொல்லையடி எல்லாம் அதோடு சேர்ந்தே சரியாகிவிட்டன.

ஔகாரம் மட்டும் இதில் சேராது. பௌர்ணமியில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சி தொடவே தொடாது, ஏனென்றால் அது உண்மையாகவே வேறு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளம், தெளிப்பு எல்லாம் கெட்டுப்போகும். ஒற்றைக்கொம்பு எழுத்தை அடுத்து வரும் ளவுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று நிபந்தனை வைத்தேன். இதுவரை தப்பு வரவில்லை.

ஒரே நெல் ரகம் சிஆர் 1009 என்று ஒரு இடத்திலும் பொன்மணி என்று இன்னொரு இடத்திலும் இருந்ததைச் சித்தப்பாதான் பிடித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பி, தாத்தா வாயில எது வந்துச்சோ அத எழுதிட்டாரு." எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்துத் தராது. அதனால் ரகப் பெயர்களுக்கு ஒரு தனி அட்டவணை வைத்திருக்கிறேன்.

டைப் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு: யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, பத்து வரி மாதிரி வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். மீதி நான்கு நோட்டையும் நானே அடிக்கப் போகிறேன்.

இன்னும் தமிழ்த் தேதிகள் கிடக்கின்றன. "தை 18" என்று வருஷம்கூட இல்லாமல் நூற்றுக்கும் மேல் வரிகள். அதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது: மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமான ஜூன் 12 அன்று திறக்காத வருஷங்களை எடுத்து, அந்த வருஷக் குறுவைக் கண்டுமுதலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் தை 18. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு நோட்டை விரித்து உட்காருவதாகப் பேச்சு.